வகுப்புகள் ரத்து

பாகியோவில் இது பதினேழாம் நாள்.
உடற்கூறியல் புத்தகத்தில்
தொடையெலும்பைச் சுற்றிப் பூஞ்சணம்.
சாக்ஸை ஃபிரிட்ஜின் முதுகில் போடச் சொன்னாள்
வீட்டுக்காரி ஃபெலிசா.
காய்ந்தது.
மீன் வாடை.

பைன் மரங்களை மேகம் தின்றுவிட்டது.
ஜீப்னியின் ஹாரன் மட்டும்
எந்த வளைவிலோ.

விடியற்காலை வானொலி:
புயல் எச்சரிக்கை, வகுப்புகள் ரத்து.
மாடியறை ஜுனார் ஒரு தரம் கைதட்டிவிட்டுத்
திரும்பப் படுத்துக்கொண்டான்.

நமீபியாவில் எங்கள் ஊரிலும்
மழைக்குப் பள்ளி விடுவார்கள்.
நாலு வருஷத்துக்கு ஒருமுறை.
போய் நனையுங்கள் என்று
மணியடிப்பார்கள்.

அம்மா போனில்:
அங்கே மழையாமே,
கொஞ்சம் கேட்கவிடு.

ஜன்னலைத் திறந்து கையை நீட்டுகிறேன்.
ஒன்றும் பேசாமல் இருக்கிறாள்.
காசு ஓடுகிறது.