பதினேழாம் கேள்வி

கடந்த முப்பது நாளில்
எத்தனை நாள் நாற்றம் உணர்ந்தீர்கள்?
கட்டங்கள் நான்கு. கடைசியில் 'தெரியாது.'
லாஸ்பேட்டை அலுவலகத்தில்
நாங்களே கேட்டு நாங்களே பதில் சொன்னபோது
கேள்வி ஒழுங்காகத்தான் இருந்தது.

குடிகாட்டில் முதல் வீடு.
அஞ்சலாட்சி கத்தரிக்காய் நறுக்கியபடி
"என்னா நாத்தம்?" என்றாள்.
பஸ்ஸைவிட்டு இறங்கியதிலிருந்து
கைக்குட்டைக்குள் மூச்சுவிடும் நான்
அட்டையை நீட்டினேன்:
அழுகிய முட்டை, நகப்பூச்சு, எரிந்த ரப்பர்.

நிதானமாகப் பார்த்தாள்.
"மழைக்கு முந்தி கம்பெனி ரெண்டு நாளு
மூடிக் கெடந்துச்சி.
அப்பத்தான் வீட்டுல என்னமோ மாதிரி இருந்துச்சி.
புள்ளைங்க தூங்கவே இல்ல.
அத எந்தக் கட்டத்துல போடுவ?"

தேவசகாயம் சாருக்குப் போன் செய்தேன்.
"'ஒரு நாளும் இல்லை' போட்டுட்டு
அடுத்த வீட்டுக்குப் போம்மா.
ஒரு நாளைக்குப் பதினாலு படிவம்."

மூன்றாம் நாள், நாற்பத்தோராவது வீடு.
பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருந்த சிறுமி கேட்டாள்:
"அந்தத் துணிய ஏங்க்கா
சும்மா கையிலயே வச்சிருக்க?"

முகத்திலிருந்து அதை
எப்போது எடுத்தேன்,
தெரியவில்லை.