காத்திருப்புக் கட்டணம்

ஜங்ஷனில் ஏறினார் டோரீன் அம்மா.
கையில் ஒரு மடிப்புத் தாள்,
அதன் தலையில் கொட்டை எழுத்தில் சேலம்.
நம்மூர்தானே என்று வாங்கிப் பார்த்தேன்.
சட்டசபைக் கூரைமேல்
கோடரியோடு ஒரு தங்க மனிதன்.
மியூசியமாகிவிட்ட கம்பளி ஆலை.
ஆற்றங்கரையில் சுற்றும் மரக்குதிரைகள்.
"இதெல்லாம் இங்கே கிடையாதும்மா."
"இது என் சேலம், ஆரிகனில் இருக்கிறது.
பதினாறு வருஷம்
அந்தக் குதிரைகளுக்கு டிக்கெட் கிழித்தேன்.
இனி உன் சேலத்தைக் காட்டு."

நாள் வாடகை, பேட்டா தனி.
டவுனுக்குள் போய் டிபனை முடித்துக்கொண்டு
கோரிமேடு தாண்டினோம்.
இருபது கொண்டை ஊசி.
பதினொன்றாவதில்
ஒரு குரங்கு அவர் பிஸ்கட்டை வாங்கிக்கொண்டது.
வாங்கிக்கொண்டது என்றா சொன்னேன்,
வழிப்பறி.
ஏரியில் அவர் மிதித்தார், நான் சும்மா உட்கார்ந்திருந்தேன்.
பகோடா பாயிண்டில் பகோடாவைத் தேடினார்,
மிளகாய் பஜ்ஜி வாங்கிக் கொடுத்தேன்,
அழுதுகொண்டே இன்னொன்று கேட்டார்.
லேடீஸ் சீட்டில் நின்று
அதோ ஸ்டீல் பிளான்ட், அதோ
சுண்ணாம்பு பூசிய மாதிரி வெள்ளைக்கல் சுரங்கம் என்று
என் வீட்டைத் தவிர எல்லாம் காட்டினேன்.

சேர்வராயன் குகைக்குள் குனிந்து போனார்,
நிமிர்ந்து வந்தார், நெற்றியில் திருநீறு.
"பக்கத்தில் இருக்கும் பெண் யார்?"
"காவேரி அம்மா.
இந்தக் குகை காவிரி வரைக்கும் போகுமாம்."
"அப்படியானால் உன் ஊர் ஆறு காவிரியா?"
"இல்லை, அது மேட்டூரில்,
நாளைக்குத் தனி பேக்கேஜ்."
"உன் ஊருக்கு ஆறு?"

பதினெட்டு வளைவு இறங்கும்வரை
பிரேக் மட்டும்தான் பேசியது.
எப்படிச் சொல்வது,
காலையிலேயே இரண்டு தடவை தாண்டிவிட்டோம் என்று,
இரண்டு தடவையும்
ஏசி போடுவதுபோல்
கண்ணாடியை ஏற்றியது நான்தான் என்று.

சாயங்காலம்
பாலத்தோரம் வண்டியை ஒதுக்கினேன்.
ஒரு பக்கம் சுகவனேசுவரர் கோபுரம்.
இந்தப் பக்கம் ஜாமியா மசூதி.
ஓதக் கற்றது அங்கேதான்,
ஒளு எடுத்தது குழாய்த் தண்ணீரில்.
கோட்டை மாரியம்மனுக்கு யாரோ
மேளம் பழகிக்கொண்டிருந்தார்கள்.
நடுவில் அது.
கத்தரிப்பூ நிறத்தில் ஓடியது.
நேற்றுப் பச்சையாக ஓடியிருக்கலாம்,
தெரியாது, பார்ப்பதில்லை.

மூக்கைப் பொத்துவார் என்று காத்திருந்தேன்.
பொத்தவில்லை.
"எங்கள் ஆறும் ஒரு காலத்தில் இப்படி நாறியது."
ஆறுதலுக்குச் சொன்னாரா பெருமைக்கா, பிடிபடவில்லை.
"பெயர் என்ன?"
சொன்னேன்.
திரு என்றால் இது, மணி என்றால் இது,
முத்து உங்கள் காதில் இருப்பது.
முன்னே கிடைத்ததாகச் சொல்கிறார்கள்.
நாலு முறை சொல்லிப் பார்த்தார்,
நாலு முறையும் முத்து
அவர் பல்லில் சிக்கியது.

அமிழ்ந்த டயர்மேல் ஒரு கொக்கு.
அதையாவது போட்டோ எடுப்பார் என்று பார்த்தேன்.
போன் பைக்குள்ளேயே இருந்தது.
கைப்பிடிச் சுவரில் இரு கையும் ஊன்றி
டிக்கெட் கவுன்டரில் நிற்கிறவர் மாதிரி,
கூட்டம் வரும் என்கிற மாதிரி,
நின்றார்.
தட்டுவடை செட் வாங்கி வந்து நீட்டினேன்.
நொறுக்கி, நொறுக்கி,
பீட்ரூட் துருவல் சட்டையில் சிந்த,
கண்ணை எடுக்காமல் தின்றார்.
பாங்கு சொன்னார்கள்.
லைட் போட்டார்கள்.
பின்னால் பஸ்காரன் ஹாரனிலேயே திட்டினான்.

இரவு டிரிப் ஷீட் எழுதினேன்.
டிரைவர்: கமாலுதீன்.
ஏற்காடு, ஏரி, கோயில், இத்தியாதி.
காத்திருப்பு: நாற்பது நிமிடம்.
கட்டணம்: கோடு.
இடம் என்ற கட்டத்தில் பாலம் என்று எழுதி அடித்தேன்.
மேலே நெருக்கி எழுதியதில்
திருமணிமுத்தா வரைக்கும் வந்தது,
'று' கட்டத்துக்கு வெளியே விழுந்தது.

முதலாளி கண்ணாடியைத் தூக்கிவிட்டுக் கேட்டார்,
"இது எந்தப் பாயிண்ட்யா, புதுசா?"