நாலு டாலர் மிச்சம்

வெர்லீன் டாலிவரின் கடையில்
ஒற்றைத் திருகாணி வாங்கலாம்.
ஒன்றே ஒன்று.
காகிதத்தில் மடித்து
ஒன்பது சென்ட் என்று பென்சிலால் எழுதித் தருவாள்.
நெடுஞ்சாலைக்கு அப்பால், பெரிய கடையில்
ஐம்பது அடைத்த டப்பாதான் கிடைக்கும்.
மிச்ச நாற்பத்தொன்பதும்
ஆயுளுக்கும் மேசை இழுப்பறையில் உருளும்.

மில்வாக்கியின் வடக்குப் பக்கம் எங்கள் தெரு.
மருந்துக்கடை ஒன்று இருந்தது, போனது.
வங்கிக் கிளை ஒன்று இருந்தது,
வெர்லீனுக்கு இரண்டு முறை கையை விரித்துவிட்டு
அதுவும் போனது.
ஆகவே அவள் போட்ட முதல்
பேருந்துப் பணிமனையில் பதினேழு வருடம்
பிரேக் பழுது பார்த்த சம்பளம்.
கூரைக்கு மட்டும் தம்பி தன் காரை விற்றான்.
இப்போதும் மழை பெய்தால்
அண்ணாந்து பார்த்து அவன் காரின் பெயரைச் சொல்வாள்.

ஒரு ஜூன் மாதம்,
ஊரெல்லாம் ஊர்வலம் போன அந்த ஜூன்,
ஏரிக்கரைப் பக்கமிருந்து கார்கள் வந்தன.
கறுப்பர் நடத்தும் கடைகள் என்று
யாரோ போட்ட பட்டியலில் அவள் பெயர் மூன்றாவது.
வரிசை சலூனைத் தாண்டி நின்றது.
தோட்டம் இல்லாதவர்கள் தோட்டக் குழாய் வாங்கினார்கள்.
சுத்தியலை நெஞ்சோடு அணைத்து
ஒருத்தி படம் எடுத்துக்கொண்டாள்.
அவள் கண் கலங்கியிருந்தது.
அது பொய் என்று நான் சொல்லமாட்டேன்.

வெர்லீன் கடன் வாங்கிச் சரக்கை இரட்டித்தாள்.
செப்டம்பரில் இலைகள் வந்தன,
தவணைக் கடிதம் வந்தது,
கார்கள் வரவில்லை.
இருநூறு பச்சைக் குழாய்கள்
பின்னறையில் சுருண்டு படுத்தன,
குளிர்காலத்துப் பாம்புகள் மாதிரி.

அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை.
அந்த டிசம்பரில்
பனி வாரும் மண்வாரியைப்
பெரிய கடையில் வாங்கியவள் நான்.
நாலு டாலர் மலிவு.
அவள் கண்ணாடிக் கதவைத் தாண்டி நடக்கத் துணியாமல்
பின்சந்து வழியே, முழங்கால் புதைய,
காசு கொடுத்து வாங்கிய பொருளைத்
திருட்டுச் சாமான்போல வீடு சேர்த்தேன்.

ஜனவரியில் ஓர் இரவு
நிலவறையில் துப்பாக்கிச் சத்தம் கேட்டது.
குழாய்தான். உறைந்து வெடித்திருந்தது.
அடைக்கும் வால்வு என் கையோடு கழன்று வந்தது.
ஒன்பதேமுக்காலுக்குப் போன் செய்தேன்.
பத்து மணிக்கு இரவு உடைமேல் கோட்டு மாட்டி
ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தாள்.

அரை அங்குலமா, முக்காலா?
தெரியாது.
கேட்டிருக்கவே வேண்டாம் என்பதுபோல் பார்த்துவிட்டு
இரண்டையும் எடுத்தாள்.
கல்லாவைத் திறந்தபோதுதான் கவனித்தேன்,
சில்லறை தவிர ஒன்றுமில்லை.
"இன்னிக்குப் போணி நீதான், ரோவீனா" என்றாள்.
இரவு பத்தேகாலுக்குப் போணி.
சிரித்தாள்.
நான் சிரிக்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன்.

குறடும் கையுமாக என்னோடு நடந்து வந்தாள்.
என் படிக்கட்டில் சாய்ந்து நின்றது அது,
பெரிய கடையின் ஆரஞ்சு முத்திரை
பிடியில் இன்னும் உரியாமல்.
வெர்லீன் நின்றாள். பிடியைப் பெருவிரலால் அழுத்தினாள்.
ஒரு வார்த்தை திட்டியிருந்தால்
இந்தக் கவிதை வேறு மாதிரி இருந்திருக்கும்.

"இது பிப்ரவரியைத் தாண்டாது.
எங்கிட்ட நல்ல மரப்பிடி இருக்கு.
பதினொரு டாலர்."

அவ்வளவுதான். கீழே இறங்கித் தண்ணீரில் மண்டியிட்டாள்.
விலையை அவள் குறைக்கவில்லை,
நான் கேட்கவுமில்லை.

ஒன்பதாம் தேதி பிடி முறிந்தது.
மறுநாள் எட்டு மணிக்கே போய் நின்றேன்,
கைராசிக்காரி என்ற நினைப்போடு,
போணி செய்ய.

எனக்கு முன்னால் ஒருவன் நின்றிருந்தான்,
ஒற்றைத் திருகாணிக்கு.