சிவப்புக் குடை

என் குடை சிவப்பு.
போன் கம்பெனி கொடுத்தது,
அவர்கள் பெயர் வெயிலில் எப்போதோ வெளுத்துப்போனது.
கெலிமானே சந்தை முக்கில் அதன் கீழே உட்கார்ந்து
இணையம் விற்கிறேன்,
பக்கத்தில் லூர்தீனா தக்காளியைக் கூறுகட்டுவது போல:
இருபது மெட்டிகலுக்கு இவ்வளவு, ஐம்பதுக்கு இவ்வளவு.
அவள் சரக்கு அழுக மூன்று நாள் ஆகும்.
என்னுடையது நள்ளிரவில் செத்துவிடும்.

சைக்கிள் டாக்சிக்காரன் செஃபெரினோ
ஒரு மழைநாளில் சண்டைக்கு வந்தான்.
"காலையில் போட்டது மத்தியானம் காணோம், தெயோலிந்தா.
அளவில் அடிக்கிறாய்."

போனை வாங்கிப் பார்த்தேன்.
அவன் ஆள் ஏற்றி மிதித்துக்கொண்டிருக்கையில்
அது அவன் சட்டைப் பையில் இருந்தபடியே
தின்றிருக்கிறது:
யாரோ அனுப்பிய காலை வணக்க ரோஜாக்கள்,
ஒரே கல்யாண வீடியோ மூன்று முறை,
திறந்தே பார்க்காத ஒரு விளையாட்டு
தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டது.

டேட்டாவை மிச்சம்பிடிக்கும் ஆப் ஒன்று உண்டு.
நான் யாருக்கும் சொல்வதில்லை.
என் பிழைப்பில் நானே மண்ணைப் போடுவேனா?
சும்மாதான் கேட்டேன், இவ்வளவு எதற்கு உனக்கு என்று.

மகள் பெய்ராவில், விடுதிப் பள்ளியில்.
நெர்சியா. ஒன்பது வயது. காது கேட்காது.
"குரலில் பேசினால் மலிவு என்கிறார்கள்.
அதை வைத்து நான் என்ன செய்ய?
படம் கலங்கினால் அவள் விரல்கள் ஒட்டிக்கொள்கின்றன.
போன வாரம் கோழி என்றாளா, காய்ச்சல் என்றாளா,
ஏழு நாள் தெரியாமல் மிதித்தேன்."

அன்றே ஏற்றிக் கொடுத்தேன்.
ஐந்து மெட்டிகல் வாங்கிக்கொண்டேன்,
நான் ஒன்றும் கன்னிமாதா இல்லை.

ஒவ்வொன்றாக வாயைக் கட்டினோம்.
ரோஜாக்கள் சாம்பல் கட்டங்களாயின.
கல்யாணம் சாம்பல்.
கால்பந்து வெறும் எண், இரண்டுக்கு ஒன்று.
தொட்டால் திறக்கும். அவன் தொடுவதில்லை.
தங்கைக்குப் பிறந்த பிள்ளையைக்கூடப்
பதினோரு நாள் சாம்பலாகவே வைத்திருந்தான்,
நேரில் போய்ப் பார்த்துக்கொள்கிறேன் என்று.
வீடியோ அழைப்பை மட்டும் கட்டவில்லை.

'இந்த வாரம் மிச்சம் 412 எம்.பி.'
என்று ஆப் எழுதிக் காட்டும்.
மற்ற டாக்சிக்காரர்கள் கேலி செய்வார்கள்:
எங்கே அந்த மிச்சம், எடுத்துக் காட்டு, ஆளுக்குப் பாதி.
பிறகு ஒவ்வொருவராகத் தனியே வந்து
எனக்கும் ஏற்றிக் கொடு என்பார்கள்.
ஜூன் மாதத்திலிருந்து என் நோட்டில்
எண்கள் இளைத்துக்கொண்டு வருகின்றன.
லூர்தீனா என்னை முட்டாள் என்கிறாள்.
தக்காளிக்காரி, அவளுக்கென்ன.

ஞாயிறு நாலு மணி.
சைக்கிளை ஸ்டாண்டு போட்டு நிறுத்தி
போனை ஹேண்டில்பாரில் டயர்க் கீற்றால் கட்டுகிறான்,
பேச இரண்டு கையும் வேண்டும்.
போகலாமா என்று ஒருத்தி கூடையோடு கேட்கிறாள்.
திரும்பாமலே தலையாட்டுகிறான்.

திரையில் வெயில் விழுந்தது.
சுருட்டிக் கட்டியிருந்த குடையை
மறுபடி விரித்து அவன் பக்கம் நட்டேன்.
அங்கே ஒரு சின்னக் கை என்னைச் சுட்டியது,
நகத்தில் ஒட்டிய சுண்ணாம்புத் தூள்வரை தெரிந்தது.

"அந்தச் சிவப்புக்காரி யார் என்கிறாள்."

என்ன பதில் சொன்னான் என்று எனக்குப் புரியவில்லை.
இரண்டு கையாலும்
நீளமாகச் சொன்னான்.