பற்று

எலும்பு கொஞ்சம் மெலிவு, மற்றபடி
தொண்ணூறைத் தாண்டிவிடுவேனாம்.
வங்கியில் மறந்துபோன பணம் கிடப்பதைச்
சொல்கிற குரலில் டாக்டர் சொன்னாள்.
எனக்கு அறுபத்தொன்பது.
டண்டினோங் சந்தை வாசலில்
பஸ்ஸுக்கு நின்றபடி கழித்துப் பார்த்தேன்.
இருபத்தொன்று.
அதற்குள் ஒரு பிள்ளை பிறந்து, பல் முளைத்து,
பட்டம் வாங்கி,
காரை எங்கேயாவது இடித்துவிட்டும் வந்து நிற்கும்.
நான் என்ன செய்யப்போகிறேன்?

முப்பத்தொரு வருடம்
உறைபட்டாணிக் கம்பனியில் கணக்கெழுதினேன்.
இடப்பக்கம் பற்று, வலப்பக்கம் வரவு.
ஐந்து மணிக்குள் இரண்டும் சமமாய் நிற்கவேண்டும்.
நின்றன.
விடைதந்த அன்று வெட்டிய கேக்கில்
நாகபூஷணிக்கு இடம் போதவில்லை;
நாகம் இருந்தது, பூஷணம் இல்லை.

பேர்த்திலிருந்து மகள்:
"நீர்வண்ணம் பழகுங்கோவன் அம்மா,
அமைதியா இருக்கும்."
அமைதி என்னிடம் தாராளம்.
ஃபிரிட்ஜ் நின்றால் திடுக்கிடும் அளவுக்கு.

ரயில் பாதைக்குப் பின்னால்
டயர்க் கடையை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை.
வியாழனில் பெண்களும் வரலாம் என்று
அட்டை தொங்கியது.
உள்ளே வெல்டிங்.
பற்றவைப்பு என்று தமிழில் சொல்லிப் பார்த்தேன்,
சிரிப்பு வந்துவிட்டது.
பற்றை விடு விடு என்று
கோயில் ஒலிபெருக்கி கெஞ்சுகிற வயதில்
நான் போய்ப் பற்றவைக்கப் பேர் கொடுக்கிறேன்.

நைலோன் உருகித் தோலில் ஒட்டும் என்று
பருத்திச் சட்டை ஒன்றை எறிந்தார் ஸ்லாட்கோ.
எண்பத்திரண்டு வயது, டிராம் பழுதுபார்த்தவர்.
எவருக்கும் எதையும் சொல்லித்தர மாட்டார்.
ஒடிகிற சத்தம் கேட்டால் 'ம்' என்பார்.
என் முதல் ஒட்டு மேசையிலிருந்து விழுந்து ஒடிந்தது.
ம்.
இரண்டாவது, கையில் எடுத்ததுமே.
ம்.
ஆறாம் கிழமை லியென்,
ஓர்க்கிட் சட்டிக்குத் தாங்கி செய்கிறவள்,
என் தோளில் தட்டி
"மூச்சு விடு" என்றாள்.
பிடித்துவைத்திருந்திருக்கிறேன்.
ஆறு கிழமையாகவா,
அதற்கும் முன்னாலிருந்தா, தெரியவில்லை.

முகமூடி இறங்கும். இருட்டு.
பிறகு, புது வில்லை வைத்த கண்ணுக்கு முன்னால்
ஒரு பச்சைப் பொட்டு.
அதற்குள் மிளகளவு குளம், இரும்பாலானது.
அதைக் கரையோடு இழுத்துப் போகவேண்டும்.
தயங்கினால் ஓட்டை. விரைந்தால் ஒட்டாது.
சரியாய்ப் போனால் பின்னால்
எறும்புச் சாரி போல ஒரு கோடு.
அப்போது எனக்கு வயதில்லை, பெயரில்லை.
இடுப்பு வலி உண்டு.
அது எங்கேயும் கூட வரும்.

பழைய கட்டில் சட்டம், சைக்கிள் சங்கிலி,
தர்மக் கடையில் கிலோக் கணக்கில் வாங்கிய முள்ளுக் கரண்டிகள்.
எல்லாம் சேர்ந்து ஒரு படலை ஆனது.
பின்வளவின் நடுவில், எலுமிச்சைக்குப் பக்கத்தில் நட்டேன்.
இவர் அதைச் சுற்றி ஒருதரம் நடந்தார்.
"வேலி எங்கையப்பா?"
வேலி செய்ய எனக்கு விருப்பமில்லை.
"அப்ப இது எதுக்கு?"
திறக்கும், என்றேன்.
காப்புறுதிக்குச் சொல்லவேண்டுமோ என்று யோசித்தபடி
கிரிக்கெட் பார்க்கப் போய்விட்டார்.

மெக்பை ஒன்று வந்து இருந்துபார்த்தது.
மழை வந்தது, வெயில் வந்தது,
இந்த ஊர் வழக்கப்படி ஒரே பகலில்.
அடுத்த வீட்டுப் பையன் படம் எடுத்தான்.

நேற்றுக் காலை குசினி ஜன்னலால் பார்க்கிறேன்:
கையில் தேத்தண்ணிக் கோப்பையோடு இவர்.
சுற்றிலும் வெளி, எந்தப் பக்கமும் போகலாம்.
படலையைத் திறந்தார். உள்ளே போனார்.
திரும்பி நின்று
கவனமாய்ச் சாத்திவிட்டு
தண்ணீர்க் குழாயடிக்குப் போனார்.

நான் ஒன்றும் கேட்கவில்லை.
கணக்கில் ஒரு பக்கம் கூடிக் கிடக்கிறது,
சமப்படுத்த மனமில்லை.

கொண்டி மட்டும் இன்னும் சரியாய் விழுவதில்லை.
வியாழக்கிழமை பார்க்கவேணும்.