இறங்கியபோது

மஞ்சக்குப்பம் கோர்ட்டுக்கு எதிரே
ஜெராக்ஸ் கடையை ஒட்டி என் மேசை.
இங்கிலீஷில் பக்கத்துக்கு இருபது ரூபாய்,
தமிழுக்கு முப்பது.
ஏன் கூட என்று கேட்பவர்களிடம்
"புள்ளி நிறைய வைக்கணும்" என்பேன்.
பாதி விளையாட்டு.

அஞ்சலாட்சி காரைக்காட்டிலிருந்து வந்திருந்தார்.
மஞ்சப்பைக்குள் பாலிதீன் கவர்,
கவருக்குள் கம்பெனிக் கடிதம், நாலே வரி:
"ஒப்பந்தப் பணியாளர் திரு. வீரப்பெருமாள்
கழிவுத் தொட்டியில் இறங்கியபோது
எதிர்பாராத விதமாக மயக்கமுற்று
இயற்கை எய்தினார்."

இயற்கை எய்தினார்.
கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்கு
நானே ஆயிரம் தடவை அடித்த சொல்.
அந்தத் தொட்டிக்குள் போய்
அது இயற்கையைத் தேடிக்கொண்டு நின்றது.

"உசுரோட இருந்தப்ப டேய்னுதான் கூப்புடுவான்.
இப்ப திரு போட்டிருக்கான்" என்றார்.
பிறகு,
"அந்த ரெண்டாவது வரிய இன்னொரு தபா படி."

இறங்கியபோது.

"எறங்கல. எறக்குனாங்க."

வக்கீல் பரசுராமன் போனில் சொன்னார்:
"இறக்கப்பட்டார்னு போடு, ஃபைலுக்கு அதுதான் கௌரவம்."
போட்டுப் பார்த்தேன்.
பட்டாரில் பட்டவர் இருந்தார்,
படுத்தியவர்கள் எங்கோ
டீ குடிக்கப் போயிருந்தார்கள்.

அவர் சொன்னபடியே அடித்தேன்: எறக்குனாங்க.
கம்ப்யூட்டருக்குப் பிடிக்கவில்லை,
கீழே சிவப்பாய் ஒரு புழு நெளிந்தது.
இறக்கினார்கள் என்று மாற்றியதும் புழு போனது.
படித்துக் காட்டினேன்.
"அவனுங்களுக்கு எதுக்கு இவ்ளோ மரியாத?"
அது மரியாதை இல்லம்மா, பன்மை என்றேன்.
ரெண்டு பேரா என்று கேட்டேன்.
"ரெண்டு பேரு. இடுப்புல கயிறு கட்டி எறக்குனாங்க.
கயிறு மட்டும் மேல வந்திச்சி."

அந்த வாக்கியத்தில்
நான் ஒரு புள்ளியைக்கூடத் தொடவில்லை.

நான் எப்போதும் இப்படி இல்லை.
போன வருஷம் குடிகாட்டுக்காரர் ஒருவர்
"நாத்தம் தாங்கல சார்" என்றார்,
"துர்நாற்றம் வீசுகிறது" என்று திருத்தினேன்.
நாற்றம் என்றால் பழைய தமிழில் நறுமணமாம்.
சிப்காட் பக்கமிருந்து காற்று திரும்பும் இரவுகளில்
ஜன்னலைச் சாத்திக்கொண்டே
அந்தப் பழைய தமிழை நினைத்துக்கொள்வேன்.
அவர் மனு என்ன ஆனதென்று தெரியவில்லை.
அவர் மூக்கு சொன்னதை
என் கை அலம்பிவிட்டது என்று மட்டும் தெரியும்.

அஞ்சலாட்சி கையெழுத்துப் போடுவதற்குள்
வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்தேன்.
இறங்கு. இறக்கு.
நாக்கு தொடுவது ஒரே இடம்.
ங் சொல்லும்போது
மூச்சு மூக்கு வழியாகப் போய்க்கொண்டிருக்கிறது.
க் சொல்லும்போது
நின்றுவிடுகிறது.

"அது எங்க இருக்கு, காட்டு."
காட்டினேன்.
பிரிண்டர் சூடு ஆறாத தாளில்
ஆள்காட்டி விரலை வைத்தார்.
இத்தனூண்டா, என்றார்.
முப்பது ரூபாயை எண்ணி வைத்தார்.
வேண்டாம் என்றதற்கு
"ஓசில எழுதுனா செல்லாது" என்று நகர்த்தினார்.

சாயங்காலம் சிதம்பரம் பஸ்ஸில் வீட்டுக்குப் போனேன்.
"சிப்காட்டு எறங்கு, எறங்கு" என்று
விசிலை வாயில் வைத்தபடியே கத்தினார் கண்டக்டர்.
நைட் ஷிஃப்ட் ஆட்கள்,
தோளில் டிபன் பை, சிலர் காதில் பாட்டு,
ஒருவர் பின் ஒருவராக.

இறங்கினார்கள்.
இதற்கு அந்தச் சொல் சரிதானா என்று
கடைசி ஆள் தரையில் கால் வைக்கும்வரை
பார்த்துக்கொண்டிருந்தேன்.