மூச்சு வெட்டுகிறவன்

அயனாவரத்தில் ஜெராக்ஸ் கடைக்கு மேலே
என் எடிட்டிங் அறை.
மார்கழிக் கச்சேரிப் பதிவுகளில்
மூச்சைத் தேடி வெட்டுவது பிழைப்பு.
பல்லவிக்கு முன் ஓர் இழுப்பு,
நிரவலில் இரண்டு.
சங்கீதத்துக்கு நுரையீரல் கிடையாது
என்றே நம்பியிருந்தேன்.

வினோலியா பென்டிரைவ் கொடுத்துவிட்டுப் போனாள்.
காசிமேடு. ராப்.
மீனுக்கு ஐஸ் உடைக்கிற சத்தத்தை
இசைத்தட்டில் ஏற்றி
முன்னும் பின்னும் தேய்த்திருந்தான் அவள் தம்பி.
பேச்சுதானே இதெல்லாம் என்று
பழக்கதோஷத்தில்
பதினோரு மூச்சை எடுத்தேன்.

ஓடவிட்டால் நொண்டியது.
ஐஸ் ஒரு பக்கம், சொல் ஒரு பக்கம்.
தொடையில் தாளம் போட்டுப் பார்த்தேன்:
ஒவ்வொரு மூச்சும்
சொல் விழாத அரை இடத்தில்
அளந்து வைத்த அடி.

போனில் சொன்னேன். சிரித்தாள்.
'அண்ணே, அங்கெல்லாம் நான்
மூச்சு இழுக்கல,
வாசிச்சிருக்கேன்.'

பதினொன்றையும் திரும்ப ஒட்டி முடிக்கையில்
கீழே பால் வண்டி.

மத்தியானம் வந்தவள்
எதையுமே வெட்டலியே,
காசு எதுக்கு என்கிறாள்.
அதுவும்
சரியாகச் சமத்தில் விழுந்தது.